எல்லா நிலத்துக்கும் ஒரே வண்டி உண்டா? ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கழனிச் சேற்றில் இறங்க வேண்டும். ஏரிக்கரையில் ஏற வேண்டும். ஓடை மணலில் புதையாமல் கடக்க வேண்டும். தார்ச்சாலை ஏறிச் சந்தைக்கும் போய்வர வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் வண்டி எது? நிலத்தை நம்பி வாழும் ஊர்களில் வண்டி வாங்க நினைக்கும் எந்தக் குடும்பமும் ஒருமுறையாவது எழுப்பிப் பார்க்கும் கேள்வி இது. ஒவ்வொரு தலைமுறையும் இதற்குத் தன் விடையைச் சொல்லியிருக்கிறது: மாட்டுவண்டி, ஜீப், டிராக்டர், மொபெட், இப்போது ஏடிவி எனப்படும் நான்கு சக்கரத் திறந்த வண்டி.

இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவாக நிற்கின்றன, எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். களமாக எடுத்துக்கொண்டது திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டை வட்டாரம். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கரும்பும் வேர்க்கடலையும் நெல்லும் விளையும் பகுதி இது. அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்களில் தறிச்சத்தம் ஓயாத பகுதியும்கூட. வயலுக்கும் தறிக்கும் சாலைக்கும் ஒரே வண்டி உழைக்க வேண்டிய இடம் என்பதால், பழைய கேள்வியைச் சோதித்துப் பார்க்க இது பொருத்தமான ஊர்.

நிலம் என்ன கேட்கிறது?

வண்டியைப் பற்றிப் பேசுமுன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். வட தமிழ்நாட்டு வழக்கில் நன்செய் கழனி, புன்செய் கொல்லை. நடவுக்கு முன் கழனி முழங்கால் அளவு சேறாகக் கிடக்கும். கொல்லை மழையில் இளகும், வெயிலில் இறுகும். ஓடைக்குள் பொடிமணல், குன்றடிவாரத்தில் உருட்டுக்கல், ஏரிக்கரைமேல் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய தடம். தறி வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

இவை ஒவ்வொன்றும் சக்கரத்திடம் வெவ்வேறு குணத்தை எதிர்பார்க்கின்றன. சேற்றில் ஆழமான பற்கள் கொண்ட உயரமான சக்கரம் வேண்டும். மணலில் அகலமான, காற்றழுத்தம் குறைந்த டயர் வேண்டும். பாறைத் தடத்தில் வண்டியின் அடிவயிறு உயர்ந்திருக்க வேண்டும். ஒரு சக்கரம் மேலேறும்போது மற்றவை தரையை விடாமலிருக்க வேண்டும். சாலையிலோ காற்று நிறைந்த உறுதியான டயரும், தாழ்ந்த எடைமையமும், நல்ல பிரேக்கும் வேண்டும். ஓரிடத்தில் பலமாக இருப்பது அடுத்த இடத்தில் பலவீனமாகிவிடுகிறது. உயர்ந்து நிற்கும் வண்டி பாறையைத் தாண்டும். அதே உயரத்தால் சாலை வளைவில் சாயும். பெரிய பற்கள் கொண்ட டயர் சேற்றைப் பிடிக்கும். தாரில் அதிரும், சீக்கிரம் தேயும்.

எந்த விடையையும் மூன்று அளவுகோல்களால் அளக்கலாம். ஒன்று, எந்த நிலம்? இரண்டு, எவ்வளவு சுமை? மூன்று, ஆண்டில் எத்தனை நாள்? பெரும்பாலான விவாதங்கள் முதல் அளவுகோலோடு நின்றுவிடுகின்றன. வாங்கியவர் கடனில் சிக்குவதோ நிம்மதியாக இருப்பதோ பெரும்பாலும் மூன்றாவதைப் பொறுத்தே அமைகிறது.

முதல் விடை: மாடும் அச்சும்

இப்பகுதியின் முதல் 'எல்லா நில வண்டி' மாட்டுவண்டிதான். உயரமான மரச்சக்கரம் மேடுபள்ளத்தைத் தாண்டும். சேற்றில் சிக்கினால் மாடு தானாகத் திணறி நிற்கும். எஞ்சினைப் போலச் சக்கரத்தைச் சுழற்றிக் குழி பறிக்காது. உடைந்தால் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் போதும். சக்கரம் கழலாமல் காப்பது விரல் நீள இரும்புக் கடையாணி. தொலைந்தால் அன்றே இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். பழுதுபார்க்கும் திறனும் உதிரிபாகமும் ஊருக்குள்ளேயே இருப்பது என்னும் இந்தக் குணத்தை, பின்னால் வந்த எந்த வண்டியாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியவில்லை.

மாட்டுவண்டிக்கு ஆதரவான வாதங்கள் இரண்டு திசைகளிலிருந்து வந்தன. ஜே.சி.குமரப்பாவின் காந்தியப் பொருளியல் மரபு, கிராமத்தின் பணம் கிராமத்தை விட்டு வெளியேறாத கருவிகளை முன்னிறுத்தியது. டிராக்டர் உழும், ஆனால் எருவும் கன்றும் தராது என்பது அந்த மரபின் மையமான வாதம். இரண்டாவது குரல் மேலாண்மைத் துறையிலிருந்து வந்தது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என்.எஸ்.ராமசாமி, மாட்டுவண்டியைக் கைவிடுவதற்குப் பதில் மேம்படுத்த வேண்டும் என்று 1970களிலிருந்து தொடர்ந்து வலியுறுத்தினார். எடை குறைந்த வண்டி, உராய்வு குறைந்த அச்சு, மாட்டின் கழுத்தைப் புண்ணாக்காத நுகத்தடி ஆகியவை அவர் முன்வைத்த மாற்றங்கள். இன்று டயர் வண்டி என்று நாம் அழைப்பதும் அந்த மேம்பாட்டுச் சிந்தனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதே.

இந்த விடையின் பலவீனம் வேகம் மட்டும் அல்ல. மாடு ஓடாத நாளிலும் தின்னும். தீவனத்துக்கு நிலம் வேண்டும், மேய்க்க ஆள் வேண்டும். வீட்டிலுள்ள இளையவர்கள் ஆலைக்கும் தறிக்கும் வேலைக்குப் போகும் குடும்பத்தில் அந்த ஆள் இல்லை. மாட்டுவண்டி தோற்றது நிலத்திடம் அல்ல, வேலைமுறை மாறியதிடம்.

இரண்டாம் விடை: ஜீப்

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் சிறிய வண்டி என்ற எண்ணம் போரில் பிறந்தது. 1940-41இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்பே அதன் முன்னோடி. 1945இல் தொடங்கப்பட்டு, 1948இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று பெயர் மாறிய நிறுவனம், 1947 முதல் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்றது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் ஜீப் கிராமத்துக்குள் வரும் அரசாங்கத்தின் அடையாளமாகவே ஆனது. சாலை இல்லாத ஊருக்கும் அதிகாரி போக முடியும் என்பதை முதலில் காட்டியது அந்த வண்டிதான். 1985இல் வந்த மாருதி ஜிப்சி அதே எண்ணத்தை எடை குறைந்த வடிவில் தொடர்ந்தது.

இன்று அந்த வரிசையில் நிற்பவை மகிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா, 2023இல் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னி ஆகியவை. நிறுவனங்கள் தரும் கணக்குப்படி தாரின் அடிவயிறு தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜிம்னிக்கு 210. தார் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும், கூர்க்கா 700 என்கின்றன விளம்பரங்கள். இவை தேங்கிய நீரில், மெதுவாக ஓட்டினால் பொருந்தும் அளவுகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வாங்குபவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள் இரண்டு. ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான்கு சக்கரமும் எப்போதும் சமமாக இழுக்கும் என்ற எண்ணம் முதலாவது. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள அச்சில் ஒரு சக்கரம் பிடி இழந்தால் விசை அதன் வழியே வீணாகிவிடும். எதிர்ச்சக்கரம் சும்மா நிற்கும். அதைத் தடுக்க டிஃபரன்ஷியல் பூட்டு வேண்டும், அல்லது சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்கும் மின்னணு ஏற்பாடு வேண்டும். கூர்க்காவில் முன்னும் பின்னும் பூட்டு உண்டு. ஜிம்னி பிரேக் முறையை நம்புகிறது. இரண்டாவது, தோற்றத்தை நம்புவது. 2023 ஜனவரி முதல் தார் பின்சக்கர விசை மட்டும் கொண்ட வகையிலும் விற்கப்படுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சேற்றில் இறங்கினால்தான் வேறுபாடு தெரியும். காட்டுத் தடத்துக்கு என்று வாங்குபவர் கடையிலேயே கேட்டுத் தெளிய வேண்டியது இதுதான்.

ஜீப் மரபின் பெரிய குறை சுமை. அது ஆளை ஏற்றிச் செல்லப் பிறந்த வண்டி. கரும்புக் கட்டையும் எருவையும் ஏற்றும் வீட்டுக்கு அது இரண்டாவது வண்டியாகத்தான் இருக்க முடியும். வரியும் அதையே உறுதிசெய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பிலுள்ள ஜி.எஸ்.டி. விகிதப்படி, நீளமோ எஞ்சினோ சிறிய கார் வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம். உழவு டிராக்டருக்கு 5 சதவீதம். 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஜிம்னி, உருவத்தில் சிறிதானாலும், 1,200 சிசி பெட்ரோல் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

மூன்றாம் விடை: டிராக்டர்

இந்தியாவின் முதல் உள்நாட்டு டிராக்டரை ஐஷர் நிறுவனம் 1959இல் ஃபரிதாபாத்தில் உருவாக்கியது. 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. அதன் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் தமிழ்நாட்டு வயல்களில் ஒரு தலைமுறைக்கே டிராக்டர் என்ற சொல்லின் உருவமாக இருந்தன.

சேறும் கொல்லையும் சேர்ந்த நிலத்துக்கு டிராக்டரே நேரான விடை என்பது வலுவான தரப்பு. காரணம் அதன் அமைப்பு. மனித உயரத்தை நெருங்கும் பின்சக்கரம், ஆழ்ந்த பற்கள், நடைவேகத்துக்கும் கீழே போகும் கியர், பின்னால் எந்தக் கருவியையும் சுழற்றும் பவர் டேக் ஆஃப் தண்டு. நடவுக்கு முந்தைய சேற்றுழவான சேடையின்போது ரப்பர் டயரோடு இரும்புக் கேஜ் வீலையும் மாட்டிக்கொண்டு கழனிக்குள் இறங்கும் டிராக்டரைப் பார்த்தால் அதன் பலம் புரியும். இரும்புச் சட்டங்கள் சேற்றை வெட்டி வெட்டிப் போட, வண்டி அமிழாமல் மிதப்பதுபோல் நகரும். அதே கேஜ் வீலைக் கழற்றாமல் சாலையில் ஏறினால் தார் பெயர்ந்துவிடும். ஊராட்சிச் சாலைகள் பலவற்றில் அந்தத் தழும்பைக் காணலாம். வயலில் வரமாக இருப்பது ஐம்பதடி தள்ளிச் சேதமாகிறது. ஒரே வண்டிக்குள்ளேயே நிலத்துக்கு நிலம் சக்கரம் மாற வேண்டியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டிராக்டரைப் பற்றிய பொருளியல் விவாதம் பழையது. டிராக்டர் விளைச்சலையும் பயிர்ச் சுழற்சியையும் கூட்டி எல்லோருக்கும் வேலை தருகிறது என்றது ஒரு தரப்பு. அது மாட்டையும் கூலியாளையும் இடம்பெயர்க்கிறதே தவிர, விளைச்சலில் தானாக எதையும் கூட்டுவதில்லை என்றது மறு தரப்பு. ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் 1978இல் தெற்காசிய ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய நூல், இரண்டாவது தரப்பின் பக்கமே சான்றுகள் கூடுதலாகச் சாய்வதாகக் கண்டது. அன்றைய கூலி நிலைக்கும் ஆள் கிடைத்த நிலைக்கும் பொருந்திய அந்த முடிவை, உழவுக்கு ஆளும் மாடும் அருகிவிட்ட இன்றைய சூழலில் அப்படியே எடுத்துக்கொள்வது கடினம். ஆனாலும் அது எழுப்பிய ஐயம் உயிரோடுதான் இருக்கிறது: டிராக்டர் யாருக்கு லாபம்? உழுவிக்கிறவருக்கா, சொந்தமாக வைத்திருப்பவருக்கா?

கணக்குப் போட்டால் ஐயம் தெளியும். வேளாண் பொறியியல் கணக்குகளில் டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டு, 10,000 மணி நேரம் என்று வைப்பது வழக்கம். அதாவது ஆண்டுக்கு 1,000 மணி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், ஏறத்தாழ 2 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஏக்கருக்கு ஒரு சால் உழவு 1 மணி நேரம், போகத்துக்கு 5 சால், ஆண்டுக்கு 2 போகம் என்று தாராளமாக வைத்தாலும் அந்த நிலத்துக்குத் தேவை 20 மணி நேரம்தான். மிச்சம் 980 மணி நேரத்தை அயலார் வயலிலும் வாடகை ஓட்டத்திலும் தேட வேண்டும். அந்த ஓட்டம் உறுதியாகக் கிடைப்பவருக்கு டிராக்டர் ஒரு தொழில். கிடைக்காதவருக்கு அது வாசலில் நிற்கும் தவணை.

பாதுகாப்பு இன்னொரு பலவீனம். மேட்டில் இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கிப் பின்னோக்கிக் கவிழ்வதும், கரையோரம் பக்கவாட்டில் சாய்வதும் டிராக்டரின் பிறவிக்குணம். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அங்கு கவிழ்ந்து இறப்பது பெருமளவு குறைந்தது. நம் ஊர்களில் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் பழக்கம் சட்டத்துக்கும் புறம்பு, உயிருக்கும் ஆபத்து. பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

15 குதிரைத்திறன் அளவில் வந்த மினி டிராக்டர்கள், பவர் டில்லர்கள் ஆகியவை இந்த விடையின் சிறிய வடிவங்கள். மாந்தோப்பிலும் பூக்கொல்லையிலும் வரிசைகளுக்கிடையே புகுந்து வேலை செய்ய இவை பொருத்தமானவை. கரும்பு லோடு இழுக்கவோ சாலையில் நெடுந்தூரம் போகவோ ஏற்றவை அல்ல.

பேசப்படாத விடை: மொபெட்டும் குட்டியானையும்

எல்லா நில வண்டி பற்றிய பேச்சில் இடம்பெறாமலேயே அந்த வேலையை அன்றாடம் செய்துவருவது டிவிஎஸ் மொபெட். 1980இல் டிவிஎஸ் 50 என்ற பெயரில் ஓசூரிலிருந்து வந்த இந்த வண்டி, 2015 முதல் எக்ஸ்எல் 100 என்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வடிவில் ஓடுகிறது. எஞ்சின் 99.7 சிசி, வண்டியின் எடை 90 கிலோவுக்கும் குறைவு. முன்னால் கால் வைக்கும் தட்டையான இடத்தில் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு பால்கேன் அல்லது ஒரு கட்டுத் தீவனப்புல், நடுவே ஓட்டுபவர். தறி ஊர்களில் பாவு சுற்றிய பீமைக் குறுக்கே கிடத்தி, கயிறு இறுக்கிக் கட்டி, தெரு முனையில் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் மொபெட்டைப் பார்க்கலாம்.

அதன் பலம் எடையின்மையில் இருக்கிறது. வரப்பில் ஓடும், ஓட முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு போகலாம், சேற்றில் சிக்கினால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். நான்கு சக்கர இழுவை தரும் விடுதலையை மொபெட் வேறு வழியில், இலேசாக இருப்பதன் மூலம் தருகிறது. பலவீனங்கள் தெளிவானவை: மழைக்காலக் களிமண், சின்னச் சக்கரம், அளவுக்கு மீறிய சுமை, இரவு வெளிச்சம். சாலை விபத்தில் இருசக்கரமே முதலில் அடிபடும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சுமை கூடும்போது வருவது டாடா ஏஸ். 2005இல் வந்த இந்தச் சிறு சரக்கு வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் குட்டியானை. முக்கால் டன் ஏற்றி, சந்துக்குள் புகுந்து, அதே நாளில் சென்னைக்கும் போய்வரும். கழனிக்குள் இறங்காது, ஆனால் கழனி ஓரம்வரை வரும். வேர்க்கடலை மூட்டையும் சேலைக் கட்டும் ஒரே வாரத்தில் ஏறி இறங்கும் இவ்வட்டாரத்தில், ஆண்டில் ஓடும் நாள் கணக்கில் இதற்கு நிகரானவை குறைவு. நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டி எல்லா நில வண்டியாகுமா என்று கேட்கலாம். உண்மையில் எத்தனை நாள் எந்த நிலத்தில் ஓடுகிறது என்று பார்த்தபின் அதற்கு விடை சொல்வது நல்லது.

நான்காம் விடை: ஏடிவி

பெயரிலேயே எல்லா நிலத்தையும் உரிமை கொண்டாடுவது ஏடிவி (ஆல் டெரெய்ன் வெஹிக்கிள்). 1970இல் ஹோண்டா அமெரிக்காவில் விற்ற மூன்று சக்கர வண்டியிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. பலூன் போன்ற மென்மையான டயர்கள், மோட்டார் சைக்கிள் கைப்பிடி, குதிரைமேல் அமர்வதுபோன்ற இருக்கை. டயரின் காற்றழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட மிகக் குறைவு என்பதால் மணலிலும் சதுப்பிலும் அது அமிழாது. 1980களின் தொடக்கத்தில் சுசுகி நான்கு சக்கர வடிவைக் கொண்டுவந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பரந்த பண்ணைகளில் ஆடு மாடு ஓட்டவும் வேலி பார்க்கவும் அது அன்றாடக் கருவியானது.

கூடவே விபத்துகளும் வந்தன. குறுகிய அகலம், உயர்ந்த எடைமையம், ஓட்டுபவர் உடலைச் சாய்த்துச் சமன்செய்ய வேண்டிய அமைப்பு ஆகியவை கவிழ்வதை எளிதாக்கின. 1988இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர வகையின் விற்பனை நின்றது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டு ஏடிவிகளில் கவிழ்வுக் காப்பு பொருத்துவது கட்டாயம். அதை ஏற்காத பெரிய நிறுவனங்கள் சில அந்தச் சந்தையைவிட்டே விலகின. கருவி மோசமா, ஓட்டும் முறை மோசமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் பெரிய எஞ்சின் வண்டியைத் தொடக் கூடாது, ஒருவருக்கான இருக்கையில் இருவர் ஏறக் கூடாது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன.

இந்தியாவில் போலாரிஸ் நிறுவனம் 2011இல் கடை திறந்தது. ராணுவம், கடற்கரைக் காவல், கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பொழுதுபோக்குத் தடங்கள் ஆகியவற்றில் ஏடிவி இடம்பிடித்தது. பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்காததே பெரிய தடையாக இருந்தது. பிறகு போலாரிஸ், ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியின் ஒரு வகையை உழவு டிராக்டராக ஒப்புதல் பெற்றுச் சாலைக்குக் கொண்டுவந்தது. அப்போதைய விலை ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய். இதே நிறுவனம் ஐஷருடன் சேர்ந்து 2015இல் கொண்டுவந்த மல்டிக்ஸ் என்ற பலபயன் வண்டி, சிறு வணிகருக்கும் உழவருக்கும் என்றே வடிவமைக்கப்பட்டும் 2020இல் நிறுத்தப்பட்டது. 'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்ற எண்ணத்துக்கு நம் சந்தையில் கிடைத்த எச்சரிக்கையாக அதைக் கொள்ளலாம்.

ஆர்.கே.பேட்டையில் ஏடிவி எதைச் செய்யும்? கரும்புக்கொல்லையின் உள்தடம், மாந்தோப்புக்கு மருந்து தெளிப்பு, மலையடிவாரப் பட்டிக்குத் தீவனம் ஆகியவற்றைச் செய்யும். சேடை உழாது, கரும்பு லோடு இழுக்காது. உதிரிபாகத்துக்கும் பழகிய மெக்கானிக்குக்கும் பெருநகரம் போக வேண்டியிருக்கும். கடையாணியை ஊருக்குள்ளேயே அடித்துக்கொண்ட மாட்டுவண்டிக்கு நேர் எதிர் முனை இது.

பதிவு, எல்லை, காடு

மோட்டார் வாகனச் சட்டம் 1988 மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடும் தனிவகை வண்டியை மோட்டார் வாகன வரையறையிலிருந்து விலக்குகிறது. பதிவில்லாத ஏடிவியைச் சொந்தத் தோப்புக்குள் ஓட்டலாம். தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள அரை கிலோமீட்டர் ஊராட்சிச் சாலையில் ஓட்ட முடியாது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் நம் நிலவுடைமையில் இந்த அரை கிலோமீட்டர்தான் வண்டியின் பயனைத் தீர்மானிக்கிறது.

எல்லையோர வட்டாரம் என்பதால் இன்னொரு கவனம் தேவை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. உறவும் வணிகமும் இன்றும் எல்லை பார்ப்பதில்லை; பழைய ஜீப்பும் டிராக்டரும் நகரி, புத்தூர் பக்கமிருந்து கைமாறி வருவது இயல்பு. வேறு மாநிலப் பதிவு வண்டியை வாங்கும்போது அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். பதிவுப் புத்தகத்தில் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா, 15 ஆண்டு முடிந்திருந்தால் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பழைய ஜீப்பின் உருவத்தை மாற்றிக் கட்டியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: உற்பத்தியாளர் தந்த அடிப்படை வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

குன்றுகளைப் பார்த்ததும் ஏறத் தோன்றும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம். வண்டியால் ஏற முடியும் என்பதும் ஏறும் உரிமையும் ஒன்றல்ல.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வாடகை என்ற விடை வண்டி விவாதங்களில் எப்போதும் ஓரத்தில் நிற்கிறது. தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி வழியே முன்பதிவு செய்யலாம். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில், சிறு குறு உழவர், பெண்கள், பட்டியலின பழங்குடி உழவர் ஆகியோருக்குக் கருவி விலையில் 50 சதவீதமும் ஏனையோருக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு.

மானியம் வாங்கத் தூண்டுகிறது. வாடகை வாங்காமலிருக்க உதவுகிறது. இரண்டுக்கும் இடையே ஓர் இழுபறி இருக்கிறது. வாடகைக்கு எதிரான நியாயமான வாதம், மழை பெய்த மறுநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் தேவைப்படும் என்பது. ஈரம் காயுமுன் உழவு முடிய வேண்டிய கொல்லைக்காரருக்கு மூன்று நாள் காத்திருப்பது ஒரு போகத்தை இழப்பதாகிவிடலாம். இந்தக் காத்திருப்பின் விலையையும் தவணையின் விலையையும் ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். நான்கைந்து உறவுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு டிராக்டர் வாங்குவது நடுவழி. யார் வயல் முதலில் என்ற முறையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால்தான் அந்த நடுவழி நிலைக்கும்.

எந்த வண்டியும் விடையாகாத இடம்

ஆந்திராவின் அம்மபள்ளி அணை திறக்கப்படும்போது கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பள்ளிப்பட்டுப் பக்கத் தரைப்பாலங்கள் மூழ்குவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. எல்லா நில வண்டி என்ற நம்பிக்கை அதிக ஆபத்தாவது இங்கேதான். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழமிருந்தால் காரை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் பெரிய வண்டியையும் அடித்துச் செல்லும். நீருக்கடியில் பாலம் அரித்துப் போயிருக்கிறதா என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. விளம்பரத்தில் உள்ள 650 மில்லிமீட்டர் கணக்கு இந்த நீருக்குப் பொருந்தாது. இங்கு வேண்டியது உயர்மட்டப் பாலம். தனிமனிதர் வாங்கக்கூடிய வண்டியால் பொதுக்கடமையின் இடத்தை நிரப்ப முடியாது.

மதிப்பீடு

தொகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு விடையும் ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே எல்லா நிலம் என்று அழைத்திருக்கிறது. மாட்டுவண்டி ஊர்த்தடத்தை, ஜீப் சாலையில்லா வழியை, டிராக்டர் வயலை, ஏடிவி பரந்த பண்ணையை. ஆர்.கே.பேட்டை போன்ற வட்டாரத்தில் சிறு நிலம் உள்ள குடும்பத்துக்குச் சான்றுகள் சுட்டும் வழி இதுவாகவே தோன்றுகிறது: ஆண்டில் 300 நாள் போகும் தடத்துக்கு ஏற்ற வண்டியை வாங்குவது, மிச்ச நாளின் வேலைக்கு வாடகைக்கு எடுப்பது. பெரும்பாலோருக்கு அந்த 300 நாள் வண்டி இருசக்கரமோ குட்டியானையோதான். வாடகை ஓட்டம் உறுதியாக உள்ளவருக்கு டிராக்டர். ஜீப் வகை, மலையோரத் தோட்டமும் தொலைவுப் பயணமும் சேர்ந்திருப்பவருக்கு. ஏடிவி, ஒரே வேலிக்குள் பெரிய தோப்பு வைத்திருக்கும் சிலருக்கு.

திறந்தே கிடக்கும் கேள்விகளும் உண்டு. டிராக்டராகப் பதிவாகும் ஏடிவிக்கு நம் பகுதியில் பழுதுபார்ப்பு வலை உருவாகுமா? சிறு மின் டிராக்டர்களும் மின் சரக்கு வண்டிகளும் சேற்றையும் சுமையையும் தாங்கி நிற்குமா? மழை மறுநாள் எல்லோருக்கும் டிராக்டர் கிடைக்கும் அளவுக்கு வாடகை மையங்கள் பெருகுமா? இவற்றுக்கு அடுத்த சில பருவங்கள்தான் விடை சொல்லும்.

வண்டி வாங்கப் போகும் எவரும் கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யலாம். ஒரு மாதம், தினமும் எங்கே போனோம், என்ன ஏற்றினோம், எந்தத் தடத்தில் நின்றோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விற்பனையாளர் சொல்லும் எண்களைவிட அந்த நோட்டின் எண்கள் உங்கள் நிலத்தை நன்றாக அறியும்.